சென்னையில் நம்பி விடக்கூடிய சைக்கிள் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சைக்கிள் வியாபாரி அல்லன், மெக்கானிக்கும் அல்லன். ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டியில் உள்ள அலுவலகத்துக்கு சைக்கிளில் போய்வருகிறவன், அவ்வளவுதான். பதினைந்து ஆண்டுகளில் நான்கு சைக்கிள்களைத் தேய்த்திருக்கிறேன். அந்த ஒரே தகுதியை வைத்து, எங்கள் அடுக்ககத்தில் யாருடைய சைக்கிள் முரண்டு பிடித்தாலும் என் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். சைக்கிள் என்றதும் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து வந்தவர்கள் புதுப்பேட்டைக்குப் போகலாம். இது முழுக்க மிதிக்கிற வண்டி பற்றியது.

நல்ல கடை என்று எதை வைத்துச் சொல்வது?

விற்பனைக்கு வரிசையாக நிற்கும் சைக்கிள்களைப் பார்க்காதீர்கள். எந்தக் கடையிலும் அவை பளபளவென்றுதான் இருக்கும். பழுது பார்க்கும் மூலை எங்கே என்று கேட்டு, நேராக அங்கே போய் நில்லுங்கள். சைக்கிளைத் தூக்கி மாட்ட ஒரு ஸ்டாண்டு இருக்கிறதா, இல்லை தரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்களா? சக்கரத்தில் கோட்டம் எடுப்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறதா? கழற்றிய பால்ரஸ் குண்டுகள் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயில் ஊறுகின்றனவா, தரையில் மணலோடு உருள்கின்றனவா? ஸ்டாண்டு இல்லாத நல்ல மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். ஆனால் குண்டைத் தரையில் உருளவிடும் நல்ல மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

அடுத்து, பழுதுக்குக் காத்திருக்கும் சைக்கிள்கள் யாருடையவை என்று பாருங்கள். பேப்பர் போடுகிறவர், டீ கேன் கட்டிக்கொண்டு விற்கிறவர், காவலாளி என்று சைக்கிளால் பிழைக்கிறவர்களின் வண்டிகள் நிற்கும் கடை பெரும்பாலும் சோடை போகாது. அவர்களிடம் வேலையை அரைகுறையாகச் செய்து தப்ப முடியாது. மறுநாள் விடிவதற்குள் வாசலில் வந்து நிற்பார்கள்.

மூன்றாவது அடையாளம், எனக்கு மிகப் பிடித்தது: “இது என்னிடம் ஆகாது” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எதைக் கேட்டாலும் “வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்கிறவரிடம் விலை உயர்ந்த சைக்கிளை விடாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் முதல் வேலை சின்ன வேலையாக இருக்கட்டும். பிரேக் கட்டை மாற்றச் சொல்லுங்கள். கட்டையை மாட்டியதும் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம் இடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று ஒரு கணம் குனிந்து பார்க்கிறாரா? பார்த்தால் அடுத்த முறை பெரிய வேலையைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

சென்னையில் எந்தப் பக்கம் தேடுவது?

என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. சாதாரண சைக்கிளின் உதிரி பாகம், டயர், டியூப், பழைய வண்டிக்கு இப்போது வேறெங்கும் கிடைக்காத ஒரு கப்பு அல்லது கோன் (அச்சில் குண்டுகள் உருளும் கிண்ணமும் கூம்பும்) என்றால் பாரிமுனைதான். ரத்தன் பஜாரிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் விவரித்தால் அவர் ஒன்றை நினைப்பார், நீங்கள் வேறொன்றை வாங்கி வருவீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கியர் சைக்கிள், ரோடு சைக்கிள் என்றால் அவற்றையே தொழிலாகக் கொண்ட கடைகள் நகரின் தெற்கிலும் மேற்கிலும் பரவலாக வந்துவிட்டன. டெகத்லான் போன்ற பெருங்கடைகளிலும் பணிமனை இருக்கிறது. வேறு நிறுவன சைக்கிளையும் எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாள் ஆகும் என்று கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

எந்தக் கடை என்று பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். சொல்லமாட்டேன். கடை அதேதான் இருக்கும், வேலை செய்கிற ஆள் மாறியிருப்பார். பிறகு என்னைத் திட்டுவீர்கள். நீங்களே விசாரிக்க நல்ல இடம் ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் டீக்கடைகளில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நிற்கிறவர்களைக் கேளுங்கள். அவர்களில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் நடத்தும் நெடுந்தூர ஓட்டங்களுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவரை விடாதீர்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டம் அது. தளர்ந்த திருகோடு அதற்குப் போக முடியாது என்பதால், யாருடைய கை சுத்தம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தூரம். சைக்கிள் கெட்டுப்போனால் அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மேதையைவிட, இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஒழுங்கான ஆள் மேல்.

பெரிய ஷோரூம் என்றால் வேலையும் நன்றாகத்தானே இருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் குளிரூட்டப்பட்ட ஒரு கடையில் பெடல் மாற்றக் கொடுத்தேன். காபியெல்லாம் கொடுத்தார்கள். வெளியே வந்து கால் மணி நேரம் மிதித்திருப்பேன். இடது பெடல் ஆடத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் கழன்றே வந்துவிட்டது.

மடிப்பாக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இரும்புப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். பார்த்த மாத்திரத்தில், “வலது பக்கத்துப் பெடலை இடது பக்கத்தில் வைத்து முறுக்கியிருக்கிறார்கள் தம்பி, மரை போய்விட்டது” என்றார். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பெடலின் அச்சிலேயே எல், ஆர் என்ற எழுத்துகள் பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் நீளமான ஸ்பேனரைப் போட்டு அழுத்தியிருக்கிறார் அந்தச் சீருடை அணிந்த இளைஞர். பெடல் மாட்டும் கை, அதாவது கிராங்க், அலுமினியம்; பெடலின் அச்சு எஃகு. எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிராங்கையே மாற்ற வேண்டியதாயிற்று.

இதனால் ஷோரூம் எல்லாம் மோசம், மரத்தடி எல்லாம் உசத்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே பெரியவர் இன்னொரு நாள் என் டிஸ்க் பிரேக்கின் தட்டில் எண்ணெய் விடப் போனார். எண்ணெய் பட்டால் அந்த பிரேக் பிடிக்காது என்று நான் பாய்ந்து தடுத்தேன். அவரவர் பழகிய வண்டி அவரவருக்கு.

அப்படியானால் தெருமுனை பஞ்சர் கடையில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பஞ்சர், டயர், டியூப், சாதாரண பிரேக், கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது: தாராளமாக. கோட்டம் எடுப்பதில் பழைய கைகளை மிஞ்ச முடியாது. சட்டத்தில் மாட்டாமலே, கட்டைவிரல் நகத்தை ரிம்மின் ஓரத்தில் வைத்து, அது உரசும் ஓசையைக் கேட்டு ஸ்போக்ஸ் கம்பியை முறுக்குவார்கள்.

அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் உங்கள் வீட்டில் இருந்தால் தெருக்கடையே போதும். அந்த வண்டியின் ஒவ்வொரு பாகமும் அவர்களுக்கு மனப்பாடம். மொத்தமாகப் பூட்டப்படும் எந்த சைக்கிளுக்கும் முதல் வாரத்தில் ஒரு முறை எல்லா நட்டுகளையும் இறுக்கிவிடுவது நல்லது. அதற்கு ஆகும் கூலி ஒரு வேளை டிபன் செலவைத் தாண்டாது.

கொடுக்கக் கூடாதவை: எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக், காற்றழுத்த ஷாக், கார்பன் இழையால் ஆன பாகம் எதுவாக இருந்தாலும். கார்பனை எத்தனை நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும் என்று அந்தப் பாகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஹேண்டில் பாரைப் பிடிக்கும் திருகுகளுக்கு ஐந்து அளவில் இருக்கும். அதை அளந்து இறுக்கும் ஸ்பேனர் இல்லாத இடத்தில் கார்பனைத் தொடவிடாதீர்கள். “கை அளவிலேயே தெரியும்” என்பார்கள். இரும்பில் தெரியும்தான்.

கடைக்காரருக்குக் கியர் வேலை தெரியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பரீட்சை வைக்க முடியாதே?

வைக்கலாம், அவருக்குத் தெரியாமல். “பின்சக்கரத்தில் இருப்பது கேசட்டா, ஃப்ரீவீலா?” என்று தெரியாதவர்போலக் கேளுங்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் பல் சக்கர அடுக்குதான். ஆனால் கழற்றும் கருவி வேறு, உள்ளமைப்பு வேறு. விலை குறைந்த ஏழு கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான் இருக்கும். தெரிந்தவர் சக்கரத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

டிஸ்க் பிரேக் என்றால், “இதற்கு என்ன எண்ணெய் ஊற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். ஷிமானோ பிரேக்குகளுக்குக் கனிம எண்ணெய். ஸ்ராம் பிரேக்குகளில் பலவற்றுக்கு, மோட்டார் வாகனங்களுக்கு ஊற்றுகிற டாட் திரவம். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். “எல்லாம் ஒன்றுதான் சார்” என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கியர் தாறுமாறாக விழுகிறது என்று சொன்னதும் உடனே திருகைத் திருப்பத் தொடங்குகிறாரா, அல்லது பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். சைக்கிள் வலப்பக்கம் ஒரு முறை விழுந்தாலே, கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிடலாம். அது வளைந்திருக்கும்போது திருகை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. முதலில் அதைப் பார்க்கிறவர் விஷயம் தெரிந்தவர்.

இணையத்தில் மலிவாகக் கிடைத்ததால் வாங்கிவிட்டேன். உள்ளூர்க் கடையில் பூட்டித் தர முகம் சுளிக்கிறார்கள். நியாயமா?

பாதி நியாயம். அட்டைப் பெட்டியில் வரும் சைக்கிளின் விளம்பரத்தில் 85 சதவீதம் பூட்டியது என்று போட்டிருப்பார்கள். மீதி 15 சதவீதம் என்பது ஹேண்டில், முன்சக்கரம், பெடல், சீட்டு, பிரேக், கியர் ஒழுங்கு. உயிரைக் காக்கிற பாகங்கள் எல்லாம் அந்தப் பதினைந்தில்தான் இருக்கின்றன. அந்த 85-லும் பலமுறை கோன் அளவுக்கு மீறி இறுகியிருக்கும், சக்கரம் கோணியிருக்கும். ஆக, பூட்டுகிறவர் ஏறத்தாழ ஓர் ஓவராயில், அதாவது எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டும் வேலையைச் செய்கிறார். வண்டி விற்ற லாபமோ வேறு யாருக்கோ.

ஆகவே, “சும்மா பூட்டித் தாருங்கள்” என்று போகாதீர்கள். “வண்டி இணையத்தில் வாங்கியது. முழுவதும் பார்த்துப் பூட்ட வேண்டும், கூலி எவ்வளவு அண்ணே?” என்று கேட்டால் முகம் மாறும். கூலி கூடுதலாகத்தான் சொல்வார். கொடுங்கள். நாளைக்குப் பிரேக் கேபிள் அறுந்தால் அந்த இணையதளம் ஸ்பேனரோடு உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை.

என் உயரத்தைக்கூடக் கேட்காமல், தள்ளுபடியில் இருக்கும் வண்டியையே காட்டுகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். புது சைக்கிள் விற்கும் கடையை எடைபோட இதைவிட எளிய வழி இல்லை. உங்களை நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) மேல் குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நிற்கும்போது இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டை ஏற்றி இறக்கி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்ல வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட்டின் உயரம் பார்க்க இந்த ஒரு கணக்குப் போதும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், முழங்கால் சற்றே மடங்கும்.

எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலை, மாடிப்படியில் தூக்க வேண்டுமா என்று கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அவரிடமே வாங்குங்கள். “வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே எடுங்கள்” என்கிறவரிடம் பிள்ளைக்கு வாங்காதீர்கள். கால் எட்டாத வண்டியில் பிள்ளை கற்றுக்கொள்வது விழுவதை மட்டும்தான்.

26 அங்குல டயர் என்று கேட்டு வாங்கினேன். சக்கரத்தில் ஏறவே இல்லை. கடைக்காரர் மாற்றித் தரமாட்டேன் என்கிறார்.

தவறு பாதி உங்களுடையது, பாதி அவருடையது. பெரும்பங்கு இந்த அளவு முறையை உண்டாக்கினவர்களுடையது. 26 என்று எழுதிய டயர் பலவகை. பின்னமாக எழுதிய 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். புள்ளி வைத்து எழுதிய 26 × 1.95 உட்காருவது 559-இல். பெயர் ஒன்று, இரண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வேறுபாடு! மலைச் சைக்கிளில் 29 என்றும் ரோடு சைக்கிளில் 700சி என்றும் சொல்வதோ ஒரே 622 மில்லிமீட்டர் ரிம். 27.5 என்றால் 584. அப்பா காலத்து 28 × 1½ என்றால் 635.

டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். இரண்டாவது எண் பொருந்தியே ஆக வேண்டும்; அகலம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அங்குலத்தை மறந்துவிட்டு இந்த எண்ணைப் படித்துப் பார்த்து டயர் எடுக்கிற கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

டியூப் வாங்கும்போது வால்வும் முக்கியம். பழைய சைக்கிள்களில் ரப்பர் உறை போட்ட வால்வு. அந்த உறையைத்தான் வால்டியூப் என்கிறோம். மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் காருக்கு இருப்பதுபோன்ற தடித்த வால்வு. ரோடு சைக்கிளில் மெலிந்த, தலையில் திருகுள்ள வால்வு. இந்த மெலிந்த வால்வுக்குப் பெட்ரோல் பங்கில் நேராகக் காற்றுப் பிடிக்க முடியாது. மாற்று மூடி ஒன்றை வாங்கிச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் செயினை மாற்ற வேண்டும் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

வீட்டில் பிள்ளையின் பெட்டியிலிருந்து ஓர் அடி ஸ்கேலை எடுங்கள். செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டின் மேல் இன்னோர் ஊசியின் நடு சரியாக வந்து நிற்கும், ஏனென்றால் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். அந்த நடு கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் அவர் சொல்வது உண்மை. எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள். தேய்ந்த செயின் பல் சக்கரங்களையும் தின்றிருக்கும், செலவு இரண்டு மூன்று மடங்கு.

செயின் தேய்வதைத் தள்ளிப்போட எண்ணெய்தான் வழி. அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். மணலைச் சேர்த்துக்கொள்ளும். கழிவு எஞ்சின் எண்ணெயும் வேண்டாம். டபிள்யூ.டி.40 என்ற தெளிப்பு எண்ணெய் அழுக்கையும் நீரையும் அகற்ற உதவும், ஆனால் அதன் வழக்கமான வகை செயினுக்கு நின்று உழைக்காது. செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் அதுவும் சேற்றைத்தான் சேர்க்கும்.

சென்னையில் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ்? சர்வீஸ் என்றால் என்னென்ன செய்ய வேண்டும்?

புது சைக்கிளானால் முதல் மாதத்தில் ஒரு முறை கட்டாயம். கேபிள்கள் தளரும், ஸ்போக்ஸ் கம்பிகள் தம் இடத்தில் அமரும். பல கடைகளில் இந்த முதல் சர்வீஸ் இலவசம். மக்கள் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள்.

அதன்பிறகு நாள் கணக்கைவிட இடக் கணக்கு முக்கியம். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ கடற்கரையை ஒட்டி வசிக்கிறவரின் சைக்கிள், அம்பத்தூரில் இருக்கும் அதே சைக்கிளைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். உப்புக் காற்று ஸ்போக்ஸ் முனை, பிரேக் திருகு, செயின் என்று இரும்பு எங்கே இருந்தாலும் தேடிப்பிடிக்கும். மொட்டை மாடியிலும் பால்கனியிலும் திறந்தபடி நிறுத்தினால் ஒரு வடகிழக்குப் பருவமழை போதும். என் வழக்கம், மழை தொடங்குமுன் புரட்டாசியில் ஒரு முறை, முடிந்தபின் தையில் ஒரு முறை.

சர்வீஸ் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுக்கிற கடைகள் உண்டு. அது குளிப்பாட்டல், சர்வீஸ் அன்று. ஓவராயில் என்றால் முன், பின் சக்கர அச்சு, பெடல் அச்சுக் கூடு (இரண்டு கிராங்குகளுக்கும் நடுவில் இருப்பது), ஹேண்டில் கப்பு எல்லாவற்றையும் பிரித்து, குண்டுகளைக் கழுவி அல்லது மாற்றி, புது கிரீஸ் வைத்துப் பூட்ட வேண்டும். அடைத்து மூடிய வகை பேரிங் என்றால் பிரிக்க மாட்டார்கள். சுழற்றிப் பார்த்து, கரகரத்தால் மாற்றுவார்கள். எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முன்பே கேட்டு, அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இதில் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை. நல்ல மெக்கானிக் நீங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுவார்.

வெள்ளத்தில் சைக்கிள் மூழ்கிவிட்டது. மெதுவாக உலர்ந்ததும் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பகுதியில் நிறைய சைக்கிள்கள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன. வெளியே துடைத்துவிட்டு ஓட்டியவர்களின் வண்டி சில வாரங்களில் அரிசி அரைக்கிற ஓசை கொடுத்தது. வெள்ள நீர் அச்சுக்குள் போய் கிரீஸைப் பால்போல் ஆக்கிவிடும். குண்டுகளில் துருப்புள்ளி விழும். முதல் வேலை, சீட்டுக் கம்பியை உருவி, சைக்கிளைக் கவிழ்த்து, சட்டக் குழாய்க்குள் தேங்கிய நீரை வடிப்பது. பலருக்குத் தோன்றாதது இதுதான். பிறகு முழு ஓவராயில். வெள்ளத்துக்குப் பிறகு எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும். பழக்கமான கடை என்று ஒன்று இருந்தால் அப்போது அதன் அருமை தெரியும்.

பேரம் பேசலாமா?

புது சைக்கிள் விலையில் பேசலாம்; பணமாகக் குறைக்காவிட்டாலும் பூட்டு, விளக்கு, மணி என்று ஏதாவது சேர்த்துத் தருவார்கள். பாகத்தின் விலையிலும் ஓரளவு பேசலாம். கூலியில் பேசாதீர்கள். வெயிலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கோட்டம் எடுத்தவரிடம் இருபது ரூபாயைக் குறைத்து நாம் சாதிக்கப் போவது ஒன்றுமில்லை. அடுத்த முறை அவர் கால் மணி நேரத்தைக் குறைத்துக்கொள்வார்.

பில் வாங்குங்கள். சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய வரியைச் சொல்லி பில் இல்லாமல் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சைக்கிள் சட்டத்தின் அடிப்பகுதியில், பெரும்பாலும் பெடல் அச்சுக் கூட்டின் கீழே, பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அந்த பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் திருடுபோனால் காவல் நிலையத்தில் இது உங்களுடையது என்று காட்ட வேறு வழி இல்லை.

அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் இருக்கிறது. சரிசெய்ய ஆள் கிடைப்பாரா?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு அலுப்பே வருவதில்லை. கிடைப்பார். இது சென்னையின் சொந்த வண்டி. 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. பிறகு பி.எஸ்.ஏ. பெயரிலும் வந்தது. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி செய்த நிறுவனம். பெடல் அச்சுக் கூட்டின் மரை அளவு ஒன்றுக்கு உலகம் முழுவதும் இன்றும் அந்தப் பெயர்தான்.

பழைய வண்டிக்கு வெள்ளை முடி மெக்கானிக்காகப் பாருங்கள். கம்பி பிரேக்கை ஒழுங்குபடுத்தவும், கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைத் தட்டி எடுக்கவும் இளைஞர்கள் பலருக்குப் பழக்கமில்லை. அடிக்கிற அடியில் பின் நசுங்கும், அல்லது உள்ளே இருக்கும் குண்டு அச்சில் பதிந்துவிடும். அனுபவப்பட்டவர் அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்துவிட்டு ஒரே போடு போடுவார். டயரும் பிரேக் கட்டையும் பாரிமுனையில் கிடைக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பெயிண்ட் அடிக்காதீர்கள். அந்தக் கறுப்பும் பொன் கோடுகளும் திரும்ப வராது.

மின்சார சைக்கிளை இந்தக் கடைகளில் பார்ப்பார்களா?

சக்கரம், பிரேக், செயின் பார்ப்பார்கள். பேட்டரி, மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி என்றால் தயாரித்த நிறுவனத்திடம்தான் போக வேண்டும். ஆகவே வாங்குமுன், சென்னையில் அவர்களுக்குச் சர்வீஸ் இடம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. “ஒரு வயரைப் பிடுங்கினால் நாற்பது போகும்” என்று கண்ணடிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கடையை நம்பலாமா?

நட்சத்திரங்களில் பெரும்பகுதி, புது சைக்கிள் வாங்கிய அன்றைய மகிழ்ச்சியில் போட்டவை. அன்று எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். “சொன்ன நாளில் தரவில்லை” என்று இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நல்ல மெக்கானிக்குகளில் பலர் சொன்ன நாளில் தருவதில்லை. “சரிசெய்த அதே பழுது திரும்ப வந்தது, கொண்டுபோனால் மீண்டும் காசு கேட்டார்கள்” என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் விலகிவிடுங்கள். நமக்கே அப்படி நேர்ந்தால் முதல் முறை சத்தம் போடாமல், “அண்ணே, இன்னும் அந்த ஓசை வருகிறது, கூட ஒரு சுற்று ஓட்டிப் பாருங்களேன்” என்று சைக்கிளை அவர் கையிலேயே கொடுங்கள். ஏறி ஓட்டிப் பார்க்கிறாரா, உட்கார்ந்த இடத்திலிருந்தே “அது அப்படித்தான் இருக்கும்” என்கிறாரா என்பதில் உங்கள் முடிவு இருக்கிறது.

ஞாயிறு அதிகாலை மாமல்லபுரம் போகும் வழியில் பஞ்சரானால் பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

ஐந்தரை மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது. மோட்டார் வண்டி பஞ்சர் கடைகள் சில உண்டு; ஆனால் ரோடு சைக்கிளின் மெலிந்த டயரைக் கழற்ற அவர்கள் எடுக்கும் இரும்புக் கம்பியைப் பார்த்தாலே ரிம்முக்கு உயிர் போய்விடும். மாற்று டியூப் ஒன்று, பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, கைப்பம்பு ஒன்று ஆகியவற்றை சீட்டுக்கு அடியில் ஒரு பையில் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். டியூப் மாற்றத் தெரியாவிட்டால், உங்கள் தெருக்கடைக்காரரிடம் ஒரு மாலை வேளையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய்க் கேளுங்கள். டீ ஒன்று வாங்கிக் கொடுத்தால் கற்றுக்கொடுப்பார். புது டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளோ கண்ணாடிச் சில்லோ இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் மாட்டி, கோவளம் தாண்டுவதற்குள் இரண்டாவது டியூபையும் இழந்து, மீன் ஏற்றிக்கொண்டு வந்த வண்டியில் சைக்கிளோடு ஊர் திரும்பியவன் நான்.